ஆண்கள் காலுக்கு எத்தனை கண்ணி?

கேள்வி, 4 நவம்பர் 2023

வீட்டுக்காரருக்குக் கையால் சாக்ஸ் பின்னிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஸ்வெட்டர், குல்லாய், மப்ளர் எல்லாம் போட்டுப் பழக்கம் உண்டு, சாக்ஸ் மட்டும் தொட்டதில்லை. ஷூ ஒன்பதாம் நம்பர். எத்தனை கண்ணி போட வேண்டும், நூல் எவ்வளவு பிடிக்கும்? "பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு மூணு ஜோடி கிடைக்குது, உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார். அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் நல்லது.

பதில், 4 நவம்பர், இரவு 11 மணி

64.

5 நவம்பர்

நேற்று தூக்கக் கலக்கத்தில் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். விவரம் இதோ.

சாக்ஸுக்கென்று வரும் மெல்லிய நான்கு இழை நூல், 2.25 மில்லிமீட்டர் ஊசி. இந்த இரண்டும் சேர்ந்தால் என் கைக்குப் பத்து சென்டிமீட்டரில் 32 கண்ணி, அதாவது 32 நூல் வளையம், வரும். 64 கண்ணி என்றால் இருபது சென்டிமீட்டர் சுற்றளவு. பாதத்தின் சுற்றளவு இருபத்திரண்டு இருக்கும், ஆனாலும் சாக்ஸ் காலைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறிதாகத்தான் இருக்க வேண்டும். இழுபட்டு நின்றால்தான் சுருங்கி வழியாது. 64க்கு இன்னொரு வசதி, நான்கால் வகுபடும். மேல் பட்டைக்கு இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) சரியாக உட்காரும், குதிகாலுக்குப் பாதியைப் பிரித்தால் 32, அதில் பாதி 16. கணக்கில் வீக்கான என்னைப் போன்றவர்களுக்குக் கடவுள் கொடுத்த எண்.

நூல் நூறு கிராம் உருண்டை ஒன்று போதும், 420 மீட்டர் இருக்கும். கம்பளி 75 பங்கு, நைலான் 25 பங்கு கலந்ததாகப் பாருங்கள். நைலான் இல்லாத வெறும் கம்பளி குதிகாலில் ஒரே சீசனில் ஓட்டை விழும்.

இரண்டு முனையும் கூராக இருக்கும் குட்டை ஊசி, ஐந்து. நான்கில் கண்ணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும்.

வீட்டுக்காரருக்கு: ஒரு ஜோடிக்கு ஐம்பதாயிரம் கண்ணி என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேசமாட்டார்.

8 நவம்பர்

ஐம்பதாயிரம் தப்பு. எங்கோ காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டேன். இன்று மதியம் பால் பாக்கெட் அட்டையின் பின்புறம் கூட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே 84 சுற்று, சுற்றுக்கு 64, ஆக 5,376. குதிகாலின் பின்புறத்தை மூடும் மடலும் அதன் வளைவும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு. அதற்கடுத்துக் கண்ணி குறைத்துக்கொண்டே போகும் முக்கோணப் பகுதி ஆயிரத்து ஐந்நூறு. பாதம் 50 சுற்று, 3,200. விரல் நுனி எண்ணூறு சொச்சம். மொத்தம் பன்னிரண்டாயிரம். ஜோடிக்கு இருபத்துநாலாயிரம்.

பாதியாகக் குறைந்ததில் எனக்கே கொஞ்சம் வருத்தம். நிமிடத்துக்கு இருபத்தைந்து கண்ணி என் வேகம். ஒரு காலுக்கு எட்டு மணி நேரம். பிரித்துப் பிரித்துப் பின்னுவது இந்தக் கணக்கில் வராது, அதைச் சேர்த்தால் பழைய ஐம்பதாயிரமே வந்துவிடும் போல.

11 நவம்பர்

கேள்வி கேட்டவர் ஆளையே காணோம். பரவாயில்லை, எழுத ஆரம்பித்தாயிற்று.

எனக்கு இந்தக் கிறுக்கு வந்தது அப்பாவால். நாங்கள் குன்னூர்ப் பக்கம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை பதினைந்து வருஷமாக. டிசம்பர் ஜனவரியில் இங்கே சாக்ஸ் இல்லாமல் தரையில் கால் வைக்க முடியாது. கடை சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே ரப்பர் பட்டை பதிந்து, வரிக்குதிரைக்குப் போட்ட மாதிரி இரண்டு கோடு. காலையில் விழுந்த தடம் ராத்திரி வரை போகாது. சர்க்கரை டாக்டர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆகாது. இறுக்கிப் பிடிக்கிறது வேண்டாம், உள்ளே விரலில் தையல் உரசுகிறதும் வேண்டாம்" என்றார். ரப்பரும் இல்லாமல் தையலும் இல்லாமல் சாக்ஸ் எங்கே விற்கிறது? விற்கத்தான் விற்கிறது, அவர்கள் சொல்லும் விலைக்கு எனக்கு இரண்டு உருண்டை நூல் வந்துவிடும்.

12 நவம்பர்

தீபாவளி. ஊசியைத் தொடவில்லை. அம்மா அதிரசம் தட்டச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

15 நவம்பர்

64 என்று அடித்துச் சொன்னேன் அல்லவா, அதை நானே வாபஸ் வாங்குகிறேன். எல்லாருக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று இல்லை. அளந்துதான் போட வேண்டும்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து டெய்லர் டேப்பைச் சுற்றினேன். விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் வலது கால் 24.5 சென்டிமீட்டர், இடது கால் 25.5. நான் நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். "இடது எப்பவும் கொஞ்சம் வீங்கும்மா, செருப்பு அந்தப் பக்கம்தான் முதல்ல பிய்யும்" என்கிறார், ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பதைப் போல. இத்தனை வருஷத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீளத்திலும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம்.

சாயங்காலம் அளந்தது நல்லதாகப் போயிற்று. காலையில் அளந்திருந்தால் வீக்கம் தெரிந்திருக்காது. அளப்பவர்கள் நேரம் பார்த்து அளங்கள்.

வீங்கும் காலுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இறுக்கம். ஆறேழு சதவீதம் போதும். ஊசியையும் 2.5க்கு மாற்றிவிட்டேன், பத்து சென்டிமீட்டரில் 30 கண்ணி வருகிறது. அப்படியானால் வலதுக்கு 68, இடதுக்கு 72. ஆக, ஒரே ஜோடி, இரண்டு சைஸ்.

19 நவம்பர்

எந்த ஊசியில் பின்னுகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் ஐந்து ஊசியை நானே செய்தேன். சைக்கிள் போக்ஸ் கம்பி! தென் அமெரிக்க மலைக்காரர்கள் அதில் பின்னுவார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கும் ஆசை. ஆனால் எங்கள் ஊர் மலையில் சைக்கிள் ஏது? மேட்டுப்பாளையம் இறங்கி வாங்கி வந்தேன். கொக்கி வளைந்த தலையையும் மரை இருக்கும் வாலையும் வெட்டி, அரம் போட்டு முனை ஆக்கி, உப்புத்தாளில் தேய்த்து, மெழுகுவர்த்தியை உரசி வைத்தேன். கடைக்காரர் "எந்த வண்டிக்கும்மா?" என்று கேட்டார். சாக்ஸுக்கு என்று சொன்னதும் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துத் தள்ளினார்.

இரண்டு மில்லிமீட்டர் கம்பி, என் இறுக்கக் கைக்குப் பின்னல் சாக்குப் படுதா போல விறைத்தது. அது போதாதென்று இங்கே இருக்கும் ஈரத்துக்கு ஒரே வாரத்தில் துரு. பால் நிற நூலில் டீக்கறை மாதிரி வரிசையாகப் புள்ளி. இப்போது மூங்கில் ஊசிக்கு மாறிவிட்டேன். ஐந்தில் ஒன்று ஏற்கெனவே உடைந்துவிட்டது. நான் அதன் மேல் உட்கார்ந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

26 நவம்பர்

முதல் சுற்றை வட்டமாகச் சேர்க்கும்போது கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் தொங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரு முறுக்கு விழுந்தாலும் போச்சு. நான் எட்டு சுற்று போன பிறகுதான் கவனித்தேன். நடுவில் சரி செய்ய வழி கிடையாது, பிரித்தே ஆக வேண்டும். 68 பெருக்கல் 8. கணக்குப் போடாதீர்கள், நான் போட்டுப் பார்த்து நொந்தேன்.

அப்பாவுக்கான மேல் பட்டையில் ரப்பர் கிடையாது. கண்ணி போடும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துப் போட்டேன், விளிம்பு தளர்ந்து வரும். அதற்குக் கீழே இரண்டு நிட் இரண்டு பர்ல், ஐந்து சென்டிமீட்டர். நிட் தூண்கள் எழும்பி நிற்கும், பர்ல் தூண்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும், கால் நுழையும்போது ஒளிந்தவை வெளியே வந்து இடம் கொடுக்கும். ஸ்ப்ரிங் வேலை அவ்வளவுதான்.

ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே நூல் தளர்ந்து ஏணி மாதிரி ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். புது ஊசிக்கு மாறியதும் இரண்டாவது கண்ணியை இழுத்துப் பிடியுங்கள். முதல் கண்ணியை இழுத்தால் ஒன்றும் நடக்காது, நானும் ஒரு வருஷம் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

3 டிசம்பர்

குதிகால். பயப்படுகிறவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். 64 கணக்கிலேயே சொல்கிறேன், கேட்டவருக்கும் அதுதானே.

பாதிக் கண்ணிகளை, அதாவது 32ஐ, சும்மா நிற்க விடுங்கள். மற்ற 32ஐ மட்டும் வட்டமாக இல்லாமல் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி 16 வரிசை. வெளிப்பக்க வரிசைகளில் ஒன்றைப் பின்னாமல் நகர்த்தி ஒன்றை நிட் செய்தால் மடல் இரட்டைத் தடிமனாக வரும், செருப்பு உரசும் இடம் தாங்கும்.

அப்புறம் வளைவு. வெளிப்பக்கத்தில் ஒன்றை நகர்த்தி 17 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, இன்னொரு நிட், அங்கேயே திருப்பு. மிச்சம் பதினொன்று தொடாமல் நிற்கும், நிற்கட்டும். உள்பக்கத்தில் ஒன்றை நகர்த்தி 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னொரு பர்ல், திருப்பு. இந்தப் பக்கமும் பதினொன்று நிற்கும். நீங்கள் திருப்பிய இடத்தில் ஒரு இடைவெளி தெரியும். இனி ஒவ்வொரு வரிசையிலும் அந்த இடைவெளிக்கு முந்தின கண்ணியையும் பிந்தின கண்ணியையும் சேர்த்து ஒன்றாக்கி, இன்னொன்று பின்னித் திருப்ப வேண்டும். கடைசி இரண்டு வரிசையில் அந்த "இன்னொன்று" இருக்காது. முடிவில் ஊசியில் 18.

படிக்கும்போது தலை சுற்றும். ஊசியில் செய்யும்போது நான்காவது வரிசையில் உள்ளங்கைக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உருவாவது தெரியும். தட்டையான துணி தானாகக் குழிந்து குதிகால் ஆகிவிடுகிறது. பதினேழு ஜோடி போட்டாயிற்று, இந்த இடம் வந்தால் இன்னும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுகிறேன். "போன மாசமும் இதையேதான் காட்டினே" என்பார் அம்மா.

4 டிசம்பர்

16 வரிசை இல்லை, 32 வரிசை! ஓரத்தில் சங்கிலி மாதிரி விழும் கண்ணிகள் 16, ஒவ்வொன்றும் இரண்டு வரிசைக்கு ஒன்று. நேற்று இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன். 16 வரிசையோடு நிறுத்தினால் சாக்ஸ் குதிகாலில் ஏறாது. யாரும் ஆரம்பித்திருந்தால் மன்னிக்கவும்.

வளைவு முடிந்ததும் அந்த ஓரச் சங்கிலியிலிருந்து பக்கத்துக்கு 16 கண்ணி எடுங்கள், மூலையில் ஓட்டை விழாமல் இருக்கக் கூடுதலாக ஒன்று. 18, 17, 17, சும்மா நின்ற 32. மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டு இரண்டாகக் குறைத்தால் இருபது சுற்றில் மறுபடி 64. கணுக்காலுக்குக் கீழே இருபுறமும் முக்கோணமாக இறங்குவது இதுதான். மேல்பாதம் உயரமாக உள்ளவர்களுக்கு இந்த இடம் தாராளமாக இருக்க வேண்டும்.

10 டிசம்பர்

இரண்டு நாளாகப் பின்னவே இல்லை. சாக்ஸ் மெஷின் எப்போது வந்தது என்று தேடப் போய் அதிலேயே மூழ்கிவிட்டேன். 1589இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்து வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் மெஷின் ஒன்று செய்தார். முதலாம் எலிசபெத் ராணியிடம் அதற்குக் காப்புரிமை கேட்டார், கிடைக்கவில்லை. கையால் பின்னிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று ராணி சொன்னதாகக் கதை. கடைசியில் மனிதர் பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய மெஷினின் வழிவந்தவற்றைத்தான் 1811இல் அதே நாட்டிங்காம் வட்டாரத்தில் கூலி குறைந்த தொழிலாளிகள் இரவில் புகுந்து உடைத்தார்கள். மெஷினை வெறுப்பவரை லட்டைட் என்கிறார்களே, அந்தப் பெயர் இந்தச் சாக்ஸ் மெஷின்களை உடைத்தவர்களிடமிருந்து வந்தது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

"நூறு ரூபாய்க்கு மூணு ஜோடி"க்கு ஆரம்பம் அங்கேதான். வீட்டுக்காரர்மேல் கோபமில்லை, அவர் லீ கட்சி.

பாட்டி சாக்ஸை மேஜோடு என்பார். தெலுங்கில் இப்போதும் மேஜோள்ளுதான். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் கடையில் கேட்டால் மேஜையைக் காட்டுவார்கள்.

17 டிசம்பர்

வலது கால் விரல் நுனிக்கு வந்துவிட்டேன். சாக்ஸ் காலின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டதும் குறைக்க ஆரம்பிக்கலாம். சுற்றுக்கு நான்கு கண்ணி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. பாதியாக ஆனதும் எல்லாச் சுற்றிலும். பதினாறு மிஞ்சும்போது நிறுத்துங்கள். மேலே எட்டு, கீழே எட்டு. இந்த இரண்டையும் தைத்தால் மேடு தட்டும், டாக்டர் வேண்டாம் என்றது இந்த மேட்டைத்தான். அதனால் தைக்காமல் ஒட்ட வேண்டும். கம்பளி ஊசியில் நூலைக் கோத்து, பின்னினால் நூல் எப்படி ஓடுமோ அதே வழியில் ஓட்டுவது. ஒட்டிய இடம் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

இந்த ஒட்டுக்கு கிச்சனர் என்று பெயர். சமையலறை இல்லை, லார்ட் கிச்சனர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சர், சுவரொட்டியில் மீசையோடு விரல் நீட்டுவாரே, அவர்தான். சிப்பாய்களுக்குச் சாக்ஸ் பின்னி அனுப்பச் சொல்லிப் பெண்களைக் கேட்ட காலம். பதுங்கு குழித் தண்ணீரில் நின்று கால் அழுகியது, உலர்ந்த சாக்ஸ் மருந்து மாதிரி. அந்த மீசையை வைத்துக்கொண்டு அவரே ஊசி பிடித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1916இல் ஆர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில் கப்பல் மூழ்கி இறந்தார்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். கிச்சனர் அதற்கு முன்னால் இந்தியாவில் படைத்தளபதி, 1902 முதல் 1909 வரை. அவர் காலத்தில் 1905இல் தேவ்லாலியில் தொடங்கிய, படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் குவெட்டாவுக்குப் போய், பிரிவினையில் இரண்டாகப் பிரிந்து, இந்தியாவின் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். அப்பாவின் கட்டைவிரல் முனையில் நான் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயருக்கு இவ்வளவு பக்கத்தில் சொந்தம் இருக்கிறது.

மனப்பாடம் செய்ய: முன் ஊசியில் நிட் போலக் குத்திக் கழற்று, அடுத்ததைப் பர்ல் போலக் குத்தி விட்டுவை. பின் ஊசியில் பர்ல் போலக் குத்திக் கழற்று, அடுத்ததை நிட் போலக் குத்தி விட்டுவை. யாரும் பேசக் கூடாது, டிவியை அணைத்துவிடுங்கள்.

18 டிசம்பர்

ஆரம்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை முன்னே பர்ல் போலவும் பின்னே நிட் போலவும் குத்தி இரண்டையும் விட்டுவைக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்தேன். செய்யவும் மறந்தேன். முனையில் காது மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது, பிரித்தேன்.

24 டிசம்பர்

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விட்டது.

வலது சாக்ஸை அப்பாவுக்கு மாட்டிப் பார்த்தேன். நன்றாக உட்கார்ந்தது. கணுக்காலில் தடம் இல்லை. எழுந்து ஹாலில் நான்கு நடை நடந்தார். கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினால், பாதத்தின் நடுவில் ஒரு முடிச்சு. நூல் உருண்டையில் ஒரு இடம் அறுந்திருந்தது, நானே அவசரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறேன். கொத்தமல்லி விதை அளவு. காலைப் பார்த்தால் பெருவிரல் எலும்புக்குக் கீழே சிவப்பாக அதே அளவில் ஒரு குழி.

"உறுத்தலையாப்பா?"

"எது?"

நான் அந்த இடத்தை விரலால் அழுத்தினேன். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாதத்தைப் பாதி வரை பிரித்தேன். நூல் மாற்றும் இடத்தில் பழைய இழையையும் புது இழையையும் சேர்த்துப் பிடித்து எட்டுக் கண்ணி பின்னினால் போதும், முடிச்சே வேண்டாம். இது எனக்குத் தெரியாததல்ல. சர்க்கரைக்காரர்களுக்குப் பின்னுகிறவர்கள் முடித்ததும் உள்பக்கத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். போட்டுக் கழற்றியதும் காலையும் பாருங்கள்.

7 ஜனவரி 2024

ஒரு கால் முடித்தவர்களுக்கு வரும் நோய் எனக்கும் வந்திருக்கிறது. மறு காலை ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதே வேலையை முதலிலிருந்து. இரண்டு கால் வைத்துப் படைத்தவனைத்தான் கேட்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்தேன், வலது 43 கிராம்.

அப்பா ஒற்றைச் சாக்ஸோடு ஒரு வாரமாக உலாத்துகிறார். கேட்டால், "இந்தக் கால் சூடா இருக்கு, அந்தக் கால் பொறாமைப்படுது" என்கிறார். மறைமுகமாக அவசரப்படுத்துகிறாராம்.

21 ஜனவரி

இடது முடிந்தது. 72 கண்ணி, 47 கிராம். வலதோடு சேர்த்து 90. பத்து கிராம் மிச்சம், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓட்டை விழும்போது அதே நூல் வேண்டும்.

எந்தச் சாக்ஸ் எந்தக் கால் என்று அடையாளம் வேண்டுமே? இடதின் மேல் பட்டைக்குக் கீழே சிவப்பில் ஒரு சுற்று போட்டேன். "பஸ்ஸுக்கு நம்பர் மாதிரி" என்றார்.

28 ஜனவரி

துவைப்பது பற்றி. என் அண்ணன் மகனிடம் நான் பின்னிய ஒரு ஜோடி உண்டு, ஆனால் போன வருஷம் நான் அதை அண்ணனுக்குத்தான் பின்னினேன். வீட்டில் யாரோ மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுவிட்டார்கள். யார் என்று எழுத மாட்டேன், அதிரசம் நன்றாகத் தட்டுவார். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரிச் செதில் இருக்கிறது. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், அப்புறம் பிரியாது. பதினோராம் நம்பர் காலுக்குப் போட்டது ஆறு வயசுப் பையனுக்குச் சரியாக இருந்தது. கெட்டியாக, மழைக்குக்கூட நனையாமல். அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சாக்ஸ் நூலில் பெரும்பாலும் செதிலை அடக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள், அது மெஷின் தாங்கும். இப்போது பின்னியது அந்த ரகம், ஜெர்மனியில் இருக்கும் சித்தி பையன் கொண்டுவந்தது. இருந்தாலும் நான் பச்சைத் தண்ணீரில் முக்கி, துண்டில் சுருட்டி மிதித்து, நிழலில் போடுகிறேன். பட்ட புத்தி.

இங்கே கடைகளில் "உல்லன் நூல்" என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். குல்லாய்க்குச் சரி, சாக்ஸுக்கு வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டும் ஈரமாகத் தெரியாது, அக்ரிலிக் குடிக்காது. ஒரு மணி நேரம் நடந்தால் கால் வேகவைத்த கிழங்கு.

4 பிப்ரவரி

அப்பாவுக்குப் புதுக் குறை. ரப்பர் செருப்போடு சாக்ஸ் போட முடியவில்லையாம். எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான், சாக்ஸைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வாரோடு சேர்த்து உள்ளே திணித்துக்கொள்வார்கள். மெல்லிய கடை சாக்ஸ் திணியும். என்னுடையது திணியாது. "பெருவிரலைத் தனியா வச்சுப் பின்னேன்" என்கிறார், பஜ்ஜி போடச் சொல்வதைப் போல.

சிரித்தேன், அப்புறம் தேடினேன். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் இருக்கிறது. கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்ட காலம். பெருவிரல் தனி! வார் செருப்போடு போட. அது நம்முடைய இரண்டு ஊசிப் பின்னல் இல்லை, ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்த பழைய முறை. ஜப்பான்காரர்களும் இன்றுவரை விரல் பிரித்த காலுறை போடுகிறார்கள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் நைல் நதிக்கரையில் ஒரு பெரியவரும் இதையேதான் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

11 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார்! மூன்று மாசம் கழித்து. குதிகாலில் மாட்டிக்கொண்டு ஊசியோடு அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாராம். வீட்டுக்காரர் அதை எடுத்து, மேலே டிசம்பர் 3ஆம் தேதி குறிப்பைப் படித்து, வளைவை முடித்துவிட்டாராம். "கணக்குதானே" என்றாராம். இப்போது மீதியைத் தரமாட்டேன் என்கிறாராம்.

அவரிடம் சொல்லுங்கள், பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியில் டாக்கீலே என்று ஒரு தீவு, அங்கே பின்னல் ஆண்களின் வேலை. பையன்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொள்கிறார்கள், ஊர் நடுவே நடந்துகொண்டே குல்லாய் பின்னுகிறார்கள். நெசவு பெரும்பாலும் பெண்களுக்கு. அந்தத் துணிக்கலையை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்று என்று அறிவித்தது. அப்புறம், 3ஆம் தேதி குறிப்பில் 16 வரிசை என்று இருக்கிறதே, 4ஆம் தேதியையும் படித்தாரா?

12 பிப்ரவரி

படிக்கவில்லையாம்.

3 மார்ச்

பெருவிரல் பிரித்த சாக்ஸ், முதல் முயற்சி. விரல்கள் பிரியும் இடத்தில் 68இல் பெருவிரலுக்கு 24ஐத் தனியாக நிறுத்தி, மற்ற 44க்கு இடையில் நான்கு புதுக் கண்ணி போட்டு வட்டமாக்கினேன். பெருவிரலுக்கும் அதே நான்கை எடுத்து 28. வலது காலுக்குப் பின்னுகிறோம் என்ற நினைப்பில்லாமல் பெருவிரலைத் தப்பான பக்கத்தில் நிறுத்திவிட்டேன். சாதா சாக்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. சரி, இதை இடது கால் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் இடதுக்கு 72 வேண்டும். பிரித்தாயிற்று.

30 ஜூன்

மழை. இந்தப் பழைய கேள்வி பதில் இழையைத் தூசி தட்டுகிறேன்.

முதல் ஜோடியில் இடது குதிகால் தேய்ந்து சல்லடையாகிவிட்டது, மடல் இல்லை, அதற்குக் கீழே வளைவு இருக்கும் இடம். அங்கேயும் நகர்த்தல் பின்னல் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. அடைக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். பத்து கிராம் மிச்ச நூலும், உள்ளே வைத்துத் தைக்க ஃப்யூஸ் போன குண்டு பல்பும் தயார். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

நேற்றுப் பார்த்தால் அது அப்பா காலில் இருக்கிறது. ஓட்டை அடைபட்டிருக்கிறது. கோணி ஊசியால், வெள்ளைச் சணல் நூல் போட்டு, தேயிலைச் சாக்கு வாயைத் தைக்கிற அதே குறுக்குத் தையல். கடலை உருண்டை மாதிரி ஒரு மேடு.

கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்த்தேன். சிவந்திருந்தது. சணலை வெட்டி எடுத்துவிட்டு, பல்பை உள்ளே வைத்து, என் நூலில் முதலில் நீளவாக்கில் ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் தையல் வண்டி ஏத்தி இறக்கினாலும் பிரியாது" என்றார்.

"அதான் பிரச்சினையேப்பா."

பெருவிரல் தனியாக வைத்தது எப்போது என்று கேட்டார். ஆகஸ்ட் என்று சொல்லியிருக்கிறேன். மூங்கில் ஊசி இப்போது மூன்றுதான் முழுசாக இருக்கிறது, யாருக்காவது 2.5இல் எஃகு ஊசி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் எழுதுங்கள்.